பவழத்துறையில் பன்னிரண்டு நாள் நடுவர்

ஜூன் 3, செவ்வாய்

எழுதக் கொஞ்சம் வெட்கமாகத்தான் இருக்கிறது. இன்று கம்பெனியில், செக்கிங் டேபிளில் நின்றுகொண்டு, இல்லாத ஓர் ஆட்டுக்காக அழுதேன்.

ஆட்டின் பெயர் சின்னப்பொண்ணு. டீ நேரத்தில் போனை எடுத்து மலைப்பாதையில் அவளை ஓட்டிக்கொண்டு போனேன். பகடை போட்டேன். ஒன்று விழுந்தது. ஒன்று விழுந்தால் பக்கத்தில் இருப்பது போகும். பக்கத்தில் இருந்தது சின்னப்பொண்ணுதான். பள்ளத்தில் போய்விட்டாள். டீயை வைத்துவிட்டு டேபிளுக்கு வந்தேன், பனியன் மேல் பொட்டுப் பொட்டாகக் கண்ணீர் விழுகிறது. வெள்ளைப் பனியன் வேறு.

சூப்பர்வைசர் தம்பி ஓடி வந்தார். யாருக்கு என்ன என்று கேட்டார்.

"சின்னப்பொண்ணு போயிட்டாளுங்க தம்பி."

"அய்யய்யோ. என்ன வயசுங்கக்கா?"

"ரெண்டு."

அவர் முகத்தைப் பார்த்ததும் ஆடு என்று சொல்ல வாயைத் திறந்தேன். அதற்குள் அரை நாள் லீவுச் சீட்டில் கையெழுத்துப் போட்டு நீட்டிவிட்டார். போட்ட கையெழுத்தை வீணாக்குவானேன் என்று வீட்டுக்கு வந்து போர்வைகளைத் துவைத்துப் போட்டேன்.

பவழத்துறை எந்த மேப்பிலும் கிடையாது. போனில் ஒரு குழு. அறுபது பேர் சேர்ந்து எழுத்தாலேயே கட்டிய துறைமுக ஊர். ஆளுக்கொரு வேடம். நான் ஆட்டுக்காரி சிலம்பாயி. சென்னையில் இருக்கும் என் மகள் சௌமியாதான் இதில் சேர்த்துவிட்டாள். அவளை ஒரு நாளைக்குப் பத்துத் தடவை கூப்பிட்டுக்கொண்டிருந்தேன், அந்தத் தொல்லையை அறுபது பேருக்குப் பிரித்துக் கொடுத்துவிட்டாள். நான் ஐந்தாவதோடு நின்றவள். எழுத்துக் கூட்டித்தான் படிப்பேன். ஆனால் ஆடு மேய்க்க அது போதும்.

குழுவில் இரண்டு அறை. ஒன்று 'ஊர்'. அங்கே வேடத்தில்தான் பேச வேண்டும். மற்றது 'வாசல்'. அங்கே அவரவராகப் பேசலாம். செருப்பை வெளியே விட்டுவிட்டு வீட்டுக்குள் போகிற மாதிரி.

ஜூன் 6, வெள்ளி

என்னை நடுவராக்கிவிட்டார்கள்.

பழைய நடுவருக்கு வெளிநாட்டில் வேலை கிடைத்துவிட்டது. குழுவைத் தொடங்கிய நிரஞ்சனா, கோயம்புத்தூர்ப் பெண், போன் செய்தாள். ஓட்டெடுப்பில் நாற்பத்தொரு பேர் என் பெயரைச் சொன்னார்களாம். ஊரில் கடல் தெரு, கடைத் தெரு என்று இரண்டு கட்சி. என் ஆடு இரண்டு தெருவிலும் மேய்ந்ததால் நான் எந்தக் கட்சியும் இல்லை. எனக்கு எழுத்துப்பிழை இல்லாமல் எழுத வராதே கண்ணு என்றேன்.

"தீர்ப்புக்கு அதெல்லாம் வேண்டாங்க்கா. ஆடு செத்தப்ப நீங்க அழுதீங்க. ஆனா பகடையத் திட்டலை. அதுக்குத்தான் ஓட்டு."

நடுவருக்கு வேடம் கூடாது. அதனால் சிலம்பாயியைத் தீர்த்த யாத்திரைக்கு அனுப்பிவிட்டேன். சாயங்காலம் ஊருக்குள் போனதும் எல்லோரும் "நடுவர் அவர்களே, நடுவர் அவர்களே" என்கிறார்கள். நாற்பத்தேழு வயதில் எனக்கு முதல் 'அவர்களே'. வீட்டுக்காரரிடம் காட்டினேன். அவர் ஆட்டோவைத் துடைத்துக்கொண்டே, சம்பளம் உண்டா என்று கேட்டார். இல்லை என்றேன். அப்போ கட்சியில்தான் சேர்ந்திருக்கிறாய் என்றார்.

நிரஞ்சனா அனுப்பிய விதிகளை ஜெராக்ஸ் கடையில் ஒரே தாளில் அடித்து வாங்கினேன். அடுப்புக்கு மேலே சோற்றுப் பசை தடவி அழுத்தமாக ஒட்டிவிட்டேன். எட்டு விதி. குழம்பு கொதிப்பதற்குள் நான்கு மனப்பாடம். முக்கியமானது நான்காவது: வாசலில் தெரிந்ததை ஊருக்குள் கொண்டுபோகக் கூடாது. அடுத்தது ஐந்தாவது: விதி மீறினால் ஒரு கரும்புள்ளி, இரண்டு கரும்புள்ளி விழுந்தால் ஊர்விலக்கு, அப்புறம் திரும்பவே முடியாது. எட்டாவது எனக்குத் தெரிந்ததுதான்: பகடை சொன்னது சொன்னதுதான், அதற்கு மேல் முறையீடு கிடையாது. என் ஆட்டைக் கேட்டால் சொல்லும்.

ஜெரால்டு சாரும் வாழ்த்து அனுப்பினார். திருச்சியில் கல்லூரி வாத்தியார். ஊருக்குள் கடைத் தெருவின் பெரிய வணிகன் மாசிலாமணி அவர்தான். "விதி பதினான்கின்படி எல்லாப் புகார்களும் எழுத்து வடிவில் மட்டுமே ஏற்கப்பட வேண்டும் என்பதைத் தங்களுக்கு நினைவூட்டுகிறேன்" என்று முடித்திருந்தார். இருப்பதே எட்டு. வாத்தியாருக்குப் பரீட்சை இல்லாத மாதத்தில் கை அரிக்கிறது, அவரே விதி எழுதிக்கொள்கிறார் என்று வாசலில் போட்டேன். இருபது பேர் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை.

ஜூன் 8, ஞாயிறு

பக்கத்து வீட்டு விசேஷத்துக்கு அதிரசம் வந்தது. வீட்டுக்காரருக்குச் சர்க்கரை இருநூற்று எண்பது. ஒளித்து வைத்தேன். அவர் கட்டிலில் உட்கார்ந்த இடத்திலிருந்தே தேடினார்.

"அரிசி டிரம்முலயா?"

"ஆமா, அரிசியோட சேத்து உலையில போட்டிருக்கேன். போய்க் குடிங்க."

பீரோவா என்றார். உங்கள் கல்யாண வேட்டிக்குள் மடித்து வைத்திருக்கிறேன், அதுதான் இருபத்தைந்து வருடமாகப் பிரிக்காமல் கிடக்கிறது என்றேன். சாமி அலமாரியா என்றார். சாமிக்கும் சர்க்கரை, டாக்டர் வேண்டாமென்று சொல்லிவிட்டார் என்றேன். இன்னும் ஏதோ இரண்டு மூன்று இடம் சொன்னார். நான் துணி மடிக்கப் போய்விட்டேன்.

சாயங்காலம் பழைய மிக்சி டப்பாவைத் திறந்தால் நான்கு அதிரசத்தைக் காணோம். எப்படித்தான் கண்டுபிடிக்கிறாரோ. மூக்கு.

நாளை பேழைத் திருநாள் தொடங்குகிறது. ஆறு மாதத்துக்கு ஒரு முறை ஊரில் நடுவர் ஒரு பேழையை ஒளித்து வைப்பார். பத்து நாள் தேடலாம். ஆளுக்கு ஒரு நாளைக்கு ஓர் இடம். மூன்றாம் நாள், ஆறாம் நாள், ஒன்பதாம் நாள் நடுவர் ஒவ்வொரு குறிப்புத் தருவார். எடுத்தவர் தெருவுக்கு ஆறு மாதம் ஊர்ச் சாவி. இதற்காக ஆட்கள் ஆபீசுக்கு லீவு போடுகிறார்கள்.

நான் ஒளித்துவிட்டேன். உப்பளத்தில், தண்ணீர் இறைக்கிற உடைந்த ஏற்றத்துக்கு அடியில். இது எனக்கும் இந்தக் காகிதத்துக்கும் மட்டும்தான் தெரியும்.

ஜூன் 9, திங்கள்

முதல் நாளே வாசலில் கூட்டம் தாங்கவில்லை. வருகிறவர்கள் எல்லாம் நாளைக்கு எங்கே தேடுவது என்று யோசனை சொல்கிறார்கள். நான் ஒருவரையும் விடவில்லை. மணிக்கூண்டு என்றவரிடம், மணி பார்க்கத் தெரியுமா முதலில் என்றேன். மீன் சந்தை என்றவரிடம், நல்லது, அப்படியே அரை கிலோ நெத்திலி வாங்கி வாருங்கள் என்றேன். சிரித்துச் சிரித்து வாய் வலிக்கிறது. முன்னாள் நடுவர் உம்மென்று இருப்பாராம், இப்போதுதான் திருவிழா மாதிரி இருக்கிறதாம்.

ஜூன் 10, செவ்வாய்

சூப்பர்வைசர் தம்பி, காரியம் என்றைக்குங்கக்கா என்று தணிந்த குரலில் கேட்டார். நான் இருமிக்கொண்டே பாத்ரூம் பக்கம் போய்விட்டேன்.

ஜூன் 12, வியாழன்

நான்காம் நாள். நேற்று முதல் குறிப்புக் கொடுத்தேன்: 'சூரியன் சம்பளம் வாங்காமல் வேலை செய்யும் இடம்.' ஊரே கலங்கரை விளக்கத்துக்கு ஓடியது. விளக்கு எரிவது ராத்திரியில் என்று யாருக்கும் தோன்றவில்லை.

சாயங்காலம் ரசத்துக்குத் தாளித்துக்கொண்டிருந்தபோது வாசலுக்குச் செங்கோட்டுவேலு அண்ணன் வந்தார். நாமக்கல்காரர், லாரி டிரைவர். எட்டு மாதத்துக்கு முன்னால் ஓங்கோல் தாண்டி ஒரு விபத்து. இடது காலில் இரண்டு கம்பி. இன்னும் படுக்கைதான். ஆனால் ஊரில் அவர் மாலுமி முத்தரசன், கடல் தெரு. ஒரு நாளைக்கு இரண்டு தடவை பாய்மரத்தில் ஏறி இறங்குவார். போன வருடம் ஒருவரைக் கேட்காமலே அவருடைய வேடத்தைச் சேற்றில் தள்ளிவிட்டதாக எழுதி, ஒரு கரும்புள்ளி வாங்கியிருக்கிறார். நல்ல மனிதர். என்னுடைய கிண்டலுக்குச் சரியான தீனி.

ஒவ்வொரு இடமாகச் சொன்னார். பழைய கோட்டை என்றார். கோட்டைக்குள் போனால் வௌவால்தான் உங்களுக்கு ஆரத்தி எடுக்கும் என்றேன். அரண்மனைக் கிணறு என்றார். குதியுங்கள், மேலே ஏறக் கயிறு நாளைக்குப் போடுகிறேன் என்றேன். சத்திரம் என்றார். அங்கே தேடினால் மூட்டைப்பூச்சி உங்களைத் தேடும் என்றேன். அடுத்து உப்பளம் என்றார்.

நான் வாயையே திறக்கவில்லை. ஒரு எழுத்து, ஒரு சிரிப்புப் பொம்மை, ஒன்றும் கிடையாது. ரசத்தை இறக்கி வைத்தேன், அப்பளம் சுட்டேன். நடுவர் என்றால் இப்படித்தான் இருக்க வேண்டும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

அண்ணன் அதற்கு மேல் இடம் எதுவும் கேட்கவில்லை. பிறகு, சரி அம்மிணி, கால் வலிக்குது, படுக்கறேன் என்று போய்விட்டார்.

ஜூன் 13, வெள்ளி

மாலுமி முத்தரசன் இன்று காலை ஆறரைக்கு நேராக உப்பளத்துக்குப் போனார். நேராக உடைந்த ஏற்றத்துக்குப் போனார். உப்பளத்தில் தோண்டிப் பார்க்க அது ஒன்றுதான் இருக்கிறது, அது வேறு விஷயம். பேழையை எடுத்துவிட்டார். கடல் தெருவில் ஒரே வாணவேடிக்கை.

ஏழு மணிக்கு ஜெரால்டு சாரின் புகார். நான்கு பக்கம். எழுத்துக் கூட்டிப் படிப்பதற்குள் இட்லி குண்டான் அடிப்பிடித்தது. சாரம் இதுதான்: இரண்டாம் குறிப்பு நாளைதான் வரும். ஒரே குறிப்பை வைத்துக்கொண்டு, ஊரே வேறு பக்கம் ஓடும்போது, ஒருவர் மட்டும் இப்படிப் போக முடியாது. பேழை இருக்குமிடம் வாசலில் யாரோ சொல்லி அவருக்குத் தெரிந்திருக்கிறது. விதி நான்கு மீறப்பட்டது. நடுவர் விசாரிக்க வேண்டும்.

எனக்கும் அப்படித்தான் படுகிறது. யாரோ சொல்லியிருக்கிறார்கள். யார் என்பதுதான் கேள்வி. இடம் தெரிந்தது எனக்கு மட்டும். இந்தக் குறிப்பேட்டை அரிசி டிரம்முக்குப் பின்னால் மாற்றி வைத்தேன். வீட்டுக்காரர் எடுத்துப் படித்திருப்பாரோ? அவருக்கும் நாமக்கல்லுக்கும் சம்பந்தம் முட்டை மட்டும்தான்.

ஜூன் 14, சனி

வாசலில் எல்லோர் முன்னிலையிலும் விசாரணை. நடுவர் தரப்பினரிடம் தனியாகப் பேசக் கூடாது, அதனால் போன் செய்ய முடியாது.

முதலில் நிரஞ்சனாவைக் கேட்டேன். அவளுக்கே இடம் தெரியாது என்றாள். நியாயம்தான். அடுத்து அண்ணனைக் கேட்டேன், உப்பளம் என்று எப்படித் தெரிந்தது?

"நான் ஒண்ணும் சொல்றதுக்கில்லீங்க. நீங்க தீர்ப்பைச் சொல்லுங்க."

யாராவது சொன்னார்களா என்று கேட்டேன். ஒருத்தரும் ஒரு வார்த்தையும் சொல்லவில்லை என்றார். அப்படியானால் குருட்டு யோகமா என்றேன். ஆமாம் யோகம்தான் என்று ஒரு பொய் சொல்லியிருந்தால் விஷயம் முடிந்திருக்கும். சொல்லவும் மாட்டேன் என்கிறார். யாரையோ காப்பாற்றுகிறார் என்று ஜெரால்டு சார் எழுதினார். எனக்கும் அதுதான் சந்தேகம். யாராக இருந்தாலும் அந்த ஆளுக்கு வெட்கம் வேண்டாமா? இவரை மாட்டிவிட்டுவிட்டு எங்கேயோ உட்கார்ந்து அப்பளம் தின்றுகொண்டிருக்கும்.

இன்னொரு கரும்புள்ளி விழுந்தால் அண்ணன் ஊர்விலக்கு. எட்டு மாதமாக அவர் நடக்கிற ஒரே ஊர் அது. இதை நான் யோசிக்கக் கூடாது. கம்பெனியில் ஒவ்வொரு கட்டுக்கும் தைத்தவர் பெயர் எழுதின சீட்டு இருக்கும். நான் அதைக் கவிழ்த்து வைத்துவிட்டுத்தான் பீஸைப் பார்ப்பேன். பேர் தெரிந்தால் ஓட்டை தெரியாது. இதிலும் சீட்டைக் கவிழ்க்க வேண்டும்.

ஜூன் 15, ஞாயிறு

சௌமியா கூரியரில் மைசூர்பாகு அனுப்பியிருந்தாள். ஒளித்து வைத்தேன். வீட்டுக்காரர் கட்டிலில் உட்கார்ந்து ஆரம்பித்தார். வாஷிங் மெஷினா, தலையணை உறையா, டிவிக்குப் பின்னாலா என்று. எனக்கு வழக்குக் கவலை. ஒன்றுக்கும் பதில் சொல்லவில்லை.

அவர் எழுந்து வந்து என் நெற்றியைத் தொட்டுப் பார்த்தார். காய்ச்சல் இல்லை என்றேன்.

"அப்பறம் ஏன் புள்ள பேசாம இருக்க? இப்படி எல்லாத்துக்கும் பேசாம இருந்தா நான் எப்படிக் கண்டுபிடிக்கறது?"

எதை என்று கேட்டேன்.

"நான் என்னைக்குத் தேடியிருக்கேன்? சொல்லிட்டே வருவேன். இல்லாத இடத்துக்கெல்லாம் நீ நக்கல் அடிப்ப. எங்க சத்தம் வரலையோ அங்க போய்த் திறப்பேன். இருபத்தஞ்சு வருசமா இதான்."

மைசூர்பாகை நானே எடுத்து அவர் கையில் கொடுத்துவிட்டு, மொட்டை மாடிக்குப் போய்க் காய்ந்த துணியை எடுத்தேன். பிறகு வாசலில் ஒன்பதாம் தேதியிலிருந்து எழுதியதெல்லாம் விரலால் தள்ளித் தள்ளிப் பார்த்தேன். நான்கு நாளில் பதினேழு இடம் சொல்லியிருக்கிறார்கள். பதினாறுக்கு நான் சிரித்திருக்கிறேன்.

இன்று துணி நன்றாகக் காய்ந்திருந்தது.

ஜூன் 16, திங்கள்

இன்று விசேஷமாக ஒன்றும் இல்லை. தக்காளிச் சாதம்.

ஜூன் 17, செவ்வாய்

தீர்ப்பு எப்போது என்று ஜெரால்டு சார் இரண்டு தடவை கேட்டுவிட்டார். நாளை என்று போட்டேன்.

நான் ஒன்றும் சொல்லாவிட்டால் யாருக்கும் தெரியப்போவதில்லை. அண்ணன் வாய் திறக்க மாட்டார். ஆதாரம் இல்லை, புகார் தள்ளுபடி என்று எழுதினால் அண்ணனும் இருப்பார், 'அவர்களே'யும் இருக்கும். எழுதிக்கூடப் பார்த்தேன். பிழை இல்லாமல் வந்தது. அதுவே சந்தேகமாக இருந்தது.

பிறகு ஒரு வேலை செய்தேன். வேறு தாளில் இதே வழக்கைப் பெயரை மாற்றி எழுதினேன். பேழையை எடுத்தது ஜெரால்டு சார், புகார் கொடுத்தது செங்கோட்டுவேலு அண்ணன் என்று. எழுதி முடிக்கும் முன்னே என் கை வாத்தியாருக்குக் கரும்புள்ளி வைத்துவிட்டது.

சரி, அப்படியானால் அண்ணனுக்கும் அதுதான். அவர் வாசலில் ஒன்றைப் பார்த்தார், அதை ஊருக்குள் கொண்டுபோனார். தெரிந்தேதான். விதி நான்கு. சீட்டைக் கவிழ்த்துப் பார்த்தாலும் அதே ஓட்டை.

இன்று கம்பெனியில் ஒரு லாட் முழுக்க ரிஜெக்ட் ஆனது. இருநூறு பீஸிலும் நெஞ்சுக்கு நேரே மெல்லிய கோடு. தையல்காரப் பெண்களைக் கூப்பிட்டுத் திட்டிக்கொண்டிருந்தார் சூப்பர்வைசர் தம்பி. நான்தான் துணியை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினேன். பனியன் துணி பின்னும் மெஷினில் ஊசி ஒன்று சரியில்லை, அங்கேயே விழுந்த கோடு இது. அவர் அந்தப் பெண்களைப் போகச் சொல்லிவிட்டு, மெஷின் ஓட்டுகிறவனைப் பார்க்கப் போனார்.

நான் கையிலிருந்த பனியனைப் பார்த்துக்கொண்டே நின்றேன். பக்கத்து டேபிள்காரி, அக்கா லஞ்ச் பெல் அடித்துவிட்டது என்றாள்.

ஜூன் 18, புதன்

சாயங்காலம் ஆறு மணி. வாசலில் ஐம்பத்திரண்டு பேர். ஒரு கட்டைவிரலால் தீர்ப்பு எழுதினேன். அரை மணி நேரம் ஆனது. வீட்டுக்காரர் டிவி சத்தத்தைக் குறைத்துவிட்டு எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

முதலில் என்னைப் பற்றி எழுதினேன். பேழை இருக்கும் இடத்தை வெளியே விட்டது யாருமில்லை, நடுவர்தான். பதினாறு இடத்துக்குச் சிரித்தேன், ஓர் இடத்துக்குச் சிரிக்கவில்லை. கொட்டி வைத்தவள் நான். எனக்கு ஒரு கரும்புள்ளி. நாற்காலியை விட்டு இறங்குகிறேன்.

அடுத்தது: கொட்டியதை எடுத்து ஊருக்குள் கொண்டுபோனவர் மாலுமி முத்தரசன். அவருக்கும் ஒரு கரும்புள்ளி. ஏற்கெனவே ஒன்று இருப்பதால் விதி ஐந்தின்படி ஊர்விலக்கு.

அனுப்பும் பட்டனை அழுத்திவிட்டுப் போனைக் கவிழ்த்து வைத்தேன். வெங்காயம் நறுக்கினேன். பொருத்தமான வேலை.

வெங்காயக் கையோடு போனைத் திருப்பினேன். அண்ணன் எழுதியிருந்தார்.

"சரியான தீர்ப்புங்க நடுவரே. உங்க நாற்காலி போயிரக் கூடாதுன்னுதான் வாயை மூடிட்டு இருந்தேன், நீங்களே இறங்கிட்டீங்க. கப்பலைக் கயித்துல கட்டியிருக்கேன். யாராச்சும் மழைக்கு முன்னாடி பாயைச் சுருட்டி வைங்க."

வெங்காயம் முடிந்துவிட்டது. இன்னும் இரண்டு எடுத்து நறுக்கினேன்.

அப்போதுதான் ஜெரால்டு சார் எழுத ஆரம்பித்தார். எழுதிக்கொண்டிருக்கிறார் என்று போன் காட்டிக்கொண்டே இருந்தது. நான்கு பக்கம் வரப்போகிறது, வெற்றி உரை, எழுத்துக் கூட்டிப் படிக்க வேண்டும் என்று அடுப்பைச் சிறிதாக்கினேன். வந்தது நான்கே வரி.

"எதிர்ப்பைப் பதிவு செய்கிறேன். விதி பதினொன்று: நடுவரின் பிழையால் கெட்ட ஆட்டம், ஆடாத ஆட்டம். ஆடாத ஆட்டத்தில் எந்த ஆட்டக்காரருக்கும் கரும்புள்ளி விழாது. எனவே பேழை செல்லாது, முத்தரசனின் கரும்புள்ளியும் செல்லாது. தீர்ப்பு வழங்குமுன் நடுவர் விதிகளை முழுமையாகப் படித்திருக்கலாம்."

சார், உங்களுக்கு எதிராகப் போகிறதே, அவர் போயிருந்தால் கடல் தெருவுக்குத் தலையே இல்லையே என்று யாரோ கேட்டார்கள். விதி என்னைக் கேட்டு எழுதப்படவில்லை என்றார் ஜெரால்டு சார்.

விதி பதினொன்றா? நிரஞ்சனாவைக் கேட்டேன். ஆமாங்க்கா, மொத்தம் பதினேழாச்சே என்றாள்.

அடுப்புக்கு மேலே இருந்த தாளைப் பார்த்தேன். ஜெராக்ஸ் கடைக்காரர் ஒரே தாளில் அடித்துக் கொடுத்தார். இரண்டு பக்கமும் அடித்திருக்கிறார். மீதி ஒன்பது விதி இத்தனை நாளாகச் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறது.

ஊர்விலக்கு ரத்து என்று எழுதினேன். நடுவராக என் கடைசி வரி அது. அதில் மூன்று பிழை என்று ஜெரால்டு சார் சொன்னார்.

ஜூன் 19, வியாழன்

தோசைக் கரண்டியால் தாளைச் சுரண்டி எடுத்தேன். பாதித் தாள் வந்தது, கூடவே கைப்பிடிச் சுண்ணாம்பும் வந்தது. விதி பதினான்கு இருக்கிறது. எல்லாப் புகார்களும் எழுத்து வடிவில் மட்டுமே.

வாத்தியாரிடம் வாசலில் மன்னிப்புக் கேட்டேன். ஏற்றுக்கொண்டேன், ஆனால் இருபது பேர் சிரித்ததை என்ன செய்வது என்றார். அவர்களை வரிசையாக வந்து அழச் சொல்லட்டுமா என்று கேட்டேன். கொஞ்ச நேரம் கழித்து ஒரு சிரிப்புப் பொம்மை வந்தது. அவருடைய முதல் பொம்மை. கை தவறிப் பட்டிருக்கலாம்.

நான் இப்போது நடுவர் இல்லை என்பதால் செங்கோட்டுவேலு அண்ணனுக்குப் போன் செய்தேன். எதற்காக ஒவ்வொரு இடமாகச் சொல்லித் தூண்டில் போட்டீர்கள் என்று சண்டை பிடித்தேன்.

"தூண்டிலெல்லாம் இல்லை அம்மிணி. நாள் முழுக்க விட்டத்தைப் பாத்துட்டுப் படுத்திருக்கேன். உங்க நக்கலைக் கேக்கத்தான் ஒவ்வொண்ணாச் சொன்னேன். உப்பளம்னதும் போன் பொட்டுன்னு அமைதி ஆயிருச்சு. தெரிஞ்சு போச்சு. தெரிஞ்சதைத் தெரியாம ஆக்க எனக்குத் தெரியலை."

அடுத்த வாரம் கம்பி எடுக்கிறார்களாம். நடக்கப் பழக வேண்டும், பயமாக இருக்கிறது என்றார். பாய்மரத்தில் ஏறுகிறவருக்கு வராந்தாவில் என்ன பயம் என்றேன். அங்கே விழுந்தால் பகடை, இங்கே விழுந்தால் நான்தானே என்றார். அதற்கு எனக்குக் கிண்டல் வரவில்லை. நிஜமாகவே வரவில்லை, எதையும் ஒளிக்கவில்லை என்று அவரிடம் சொன்னேன். ரொம்ப நேரம் சிரித்தார்.

புது நடுவர் ஜெரால்டு சார். முன்மொழிந்தது நான்.

ஜூன் 20, வெள்ளி

சூப்பர்வைசர் தம்பியிடம் சின்னப்பொண்ணு யார் என்பதைச் சொல்லிவிட்டேன். அவர் என்னை வெகுநேரம் பார்த்துவிட்டு அரை நாளைக் கழித்துக்கொண்டார். போகும்போது, ஆட்டுக்கு என்ன ஆச்சுங்கக்கா என்று கேட்டார். பள்ளத்தில் விழுந்துவிட்டது என்றேன். பாவம் என்றார்.

ஜூன் 22, ஞாயிறு

சிலம்பாயி யாத்திரை முடிந்து திரும்பிவிட்டாள். புது ஆடு ஒன்று வாங்கியிருக்கிறாள். பெயர் பெரியபொண்ணு.

மாலுமி முத்தரசன் துறைமுகத்துக்கே வந்து வரவேற்றார். மறு ஆட்டத்துக்கான பேழையைப் புது நடுவர் ஒளித்துவிட்டார். வாசலில் யார் எந்த இடம் சொன்னாலும் "குறித்துக்கொண்டேன்" என்று ஒரே பதில். நாற்பது இடம் சொல்லிப் பார்த்தேன், நாற்பது குறித்துக்கொண்டேன். அதுதான் நடுவர்.

அவருடைய முதல் உத்தரவு என்னைப் பற்றியது. 'ஆட்டுக்காரி சிலம்பாயி நடுவராக இருந்து செய்த பிழைக்காக, அவளே வைத்துக்கொண்ட கரும்புள்ளி அவள் பெயரில் உறுதி செய்யப்படுகிறது. ஓராண்டுக் காலம் நடுவர் பதவிக்கு நிற்கக் கூடாது' என்று ஓலையில் எழுதி, துறைமுகக் கம்பத்தில் ஆணி அடித்துத் தொங்கவிட்டார். சுத்தமான தமிழ், பிழையே கிடையாது. நான் நியாயமான உத்தரவு என்று எழுதி, கும்பிடும் போட்டேன். ஓலை கம்பத்தில் இருக்கும்வரைதான் உத்தரவு நிற்கும். அது விதி பதினாறு. இப்போது நான் இரண்டு பக்கமும் படிக்கிறேன்.

பிறகு பெரியபொண்ணை முதல் மேய்ச்சலுக்கு விட்டேன். கம்பத்தடியில்தான் புல் இருந்தது. முறைப்படி பகடை போட்டேன். ஒன்று விழுந்தது.

பக்கத்தில் இருந்தது ஓலை.

பகடைக்கு மேல் முறையீடு இல்லை. நடுவர் அவர்களே விதி எட்டைப் படித்துப் பார்த்து, குறித்துக்கொண்டேன் என்று எழுதினார். ஆடு ஆணியை மட்டும் விட்டுவிட்டது.